1,171 பேரில் ஒருவர்: ஒப்பந்தப் பதிவேட்டில் கர்நாடகமும் தமிழ்நாடும்

1942 அக்டோபர் 29 அன்று அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்துச் சொல்லும் மனு அது. அரசு வேலையில் பங்கு, வயது வரம்பில் தளர்வு, வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை என்று அதில் அவர் கேட்டவை பலவற்றை நாம் மேடைகளில் திரும்பத் திரும்பப் பேசுகிறோம். 1943இல் மத்திய அரசுப் பணிகளில் 8.33 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததற்கு அந்த மனுவே அடித்தளம். ஆனால் அதே மனுவில் இருக்கும் இன்னொரு கணக்கை நாம் அதிகம் பேசியதில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் அன்றைக்கு 1,171 ஒப்பந்ததாரர்கள் இருந்தார்கள். அவர்களில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ஒருவர்.

இந்தக் கணக்கு அவர் கைக்கு எளிதில் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அப்போது அவர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மத்தியப் பொதுப்பணித் துறை அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. தன் துறையின் பதிவேட்டைத் தானே திறந்து பார்த்து, அரசின் பணம் யார் கைக்குப் போகிறது என்று எண்ணியிருக்கிறார். குமாஸ்தா வேலைக்குப் பங்கு கேட்ட அதே மூச்சில் கட்டட ஒப்பந்தத்துக்கும் பங்கு கேட்டார்.

வேலையில் பங்கு சட்டமானது. ஒப்பந்தத்தில் பங்கு என்ற கேள்வி ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் தூங்கியது. அது மறுபடி எழுந்தது 2002 ஜனவரியில், போபாலில். தலித் அறிவாளிகளும் செயற்பாட்டாளர்களும் கூடி வெளியிட்ட போபால் பிரகடனத்தை அன்றைய மத்தியப் பிரதேச முதல்வர் திக்விஜய் சிங் ஏற்றார். அரசு வாங்கும் பொருள்களில் 30 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடி விநியோகஸ்தர்களிடம் வாங்குவது என்ற கொள்கை அங்கே வந்தது. 2009இல் உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி அரசு சிறு ஒப்பந்தங்களில் 23 விழுக்காடு ஒதுக்கியது. 2012இல் ஆட்சி மாறியதும் அது போயிற்று. அரசாணையில் வந்தது அரசாணையிலேயே போகும். கர்நாடகம் ஏன் சட்டத்தின் வழியே போனது என்பதைப் புரிந்துகொள்ள இந்த முன்கதை தேவை.

தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் ஒப்பிட நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், இரண்டின் டெண்டர் சட்டங்களும் ஏறக்குறைய உடன்பிறப்புகள். ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைக்கென்று 1998இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அந்த வகையில் நாட்டுக்கே முன்னோடி நாம்தான். அடுத்த ஆண்டு, 1999இல், கர்நாடகம் தன்னுடைய பொதுக் கொள்முதல் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. விளம்பரம், ஒப்பந்தப்புள்ளி திறப்பு, குறைந்த விலைக்கு வேலை, மேல்முறையீடு என்று இரண்டும் ஒரே பாதையில் நடந்தன. இரண்டிலும் சாதி என்ற சொல்லுக்கு வேலை இல்லை. யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கு வேலை. பார்த்தால் இதைவிட நியாயம் எது என்றுதான் தோன்றும்.

டெண்டர் போடும் நாளில் நின்று பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. அதற்கு முன்னால் பதிவு என்று ஒரு வாசல் இருக்கிறது. பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிய வேண்டுமானால் வகுப்பு உண்டு. எந்த வகுப்பில் பதிந்திருக்கிறோமோ அந்த மதிப்புள்ள வேலைக்குத்தான் போட்டியிட முடியும். வகுப்பை முடிவுசெய்வது முன் அனுபவமும் சால்வன்சி சான்றிதழும். அதாவது, இவருக்கு இவ்வளவு மதிப்புள்ள சொத்து இருக்கிறது என்று வருவாய்த் துறையோ வங்கியோ தரும் காகிதம். அதன்பின் ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை, வேலை கிடைத்ததும் காப்புத் தொகை, எந்திரங்கள், முதல் பில் வரும்வரை கூலிக்கும் சிமெண்டுக்கும் கைப்பணம். அனுபவம் இல்லாமல் வேலை இல்லை, வேலை இல்லாமல் அனுபவம் இல்லை என்பது எல்லோருக்கும் பொதுவான சிக்கல்தானே என்று கேட்பார்கள். அப்பாவோ சித்தப்பாவோ முதல் வகுப்பு ஒப்பந்ததாரராக இருக்கும் வீட்டில் அந்தச் சிக்கலின் ஆயுள் ஆறு மாதம். நம் வீட்டில் அது மூன்று தலைமுறை.

சால்வன்சி விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இளைய தோழர்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நம் மக்களிடம் இருந்த நிலத்தில் முக்கியமானது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் 1891-92 அறிக்கையைத் தொடர்ந்து வழங்கப்பட்டது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது, அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. கர்நாடகத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அரசு வழங்கிய நிலங்களை மற்றவர்கள் வாங்காமல் தடுக்க 1978ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டும் நமக்கு உயிர்நாடியான பாதுகாப்புகள், ஒரு வரிகூடத் தளரக் கூடாது என்பதே நம் நிலை. ஆனால் சந்தையில் தாராளமாக விற்க முடியாத நிலத்தை எந்த வங்கி மேலாளர் நல்ல ஈடாக மதிப்பார்? ஆக, பிடுங்கப்பட்ட நிலமும் நமக்குச் சால்வன்சி தராது, பிடுங்கப்படாமல் காப்பாற்றிய நிலமும் தராது. இந்த முடிச்சு இரண்டு மாநிலத்துக்கும் பொது. இதை அவிழ்க்க நிலச் சட்டத்தில் கைவைக்கக் கூடாது, பதிவு விதியில்தான் கைவைக்க வேண்டும்.

கர்நாடகம் கைவைத்தது. சித்தராமையாவின் முதல் ஆட்சிக்காலத்தில், 1999ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. 50 லட்சம் ரூபாய் வரையிலான கட்டுமான வேலைகளில் 17.15 விழுக்காடு பட்டியல் சாதியினருக்கும் 6.95 விழுக்காடு பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்கள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் அவர்களுடைய பங்கு. எவ்வளவு பேரோ அவ்வளவு பங்கு என்று நாம் முழக்கமாகச் சொல்வதைத் தசமப் புள்ளியோடு சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 2023இல் உச்சவரம்பு ஒரு கோடி ஆனது. பிறகு பிற்படுத்தப்பட்டோரில் முதல் பிரிவுக்கு 4, 2ஏ பிரிவுக்கு 15 விழுக்காடு சேர்ந்தது. 2025 மார்ச்சில் வரம்பை இரண்டு கோடியாக்கி, 2பி பிரிவில் வரும் முஸ்லிம்களுக்கு 4 விழுக்காடு சேர்க்கும் மசோதாவைச் சட்டமன்றம் பெரும் அமளிக்கிடையே நிறைவேற்றியது. ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு என்று ஒதுக்கிவைத்தார். நாடெங்கும் விவாதம் அந்த 4 விழுக்காட்டைப் பற்றியே நடந்தது. அந்த ஆரவாரத்தில், அதே மசோதாவில் நமக்கு வரவேண்டிய வரம்பு உயர்வும் சேர்ந்து நின்றுபோனதைச் சொல்ல ஆளில்லை.

ஒதுக்கீடு வந்தால் தரம் போய்விடும் என்ற பழைய பல்லவி இங்கேயும் உண்டு. ஒதுக்கப்பட்ட வேலையிலும் டெண்டர் உண்டு, போட்டி உண்டு. பட்டியல் சாதி ஒப்பந்ததாரர்களுக்குள் யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத்தான் வேலை. அதே மதிப்பீடு, அதே பொறியாளர், அதே அளவுப் புத்தகம்தான். பாலத்தில் கம்பி குறைந்தால் அது சாதியால் குறைவதில்லை. சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 16(4) அரசுப் பதவிகளைப் பற்றிப் பேசுகிறது, ஒப்பந்தம் பதவி அல்ல. ஆகவே இதற்கான நியாயத்தை 15(4)இன் சிறப்பு ஏற்பாட்டிலும் 46ஆவது உறுப்பிலும்தான் தேட வேண்டும். கூடவே 1979இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் மாணவர்கள் படிக்க வேண்டும். விமான நிலையத்தில் உணவகம் நடத்தும் ஒப்பந்தத்தைப் பற்றிய வழக்கு அது. ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் ஒரு தனியார் தன் இஷ்டத்துக்குக் கொடுப்பதைப் போல அரசு கொடுக்க முடியாது, அங்கும் சமத்துவம் கட்டுப்படுத்தும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. அரசின் ஒப்பந்தம் என்பது அரசின் செல்வம் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்ட பிறகு, அதில் பங்கு கேட்பதில் என்ன வியப்பு?

இனி தமிழ்நாடு. 69 விழுக்காட்டை ஒன்பதாவது அட்டவணைவரை கொண்டுபோய்க் காத்த மாநிலம் இது. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டைச் செய்துகாட்டிய மாநிலம். ஆனால் அந்த 69 கல்விக்கும் வேலைக்கும் மட்டும். 1998ஆம் ஆண்டு டெண்டர் சட்டத்தில் கர்நாடகம் சேர்த்ததைப் போன்ற பிரிவை நாம் சேர்க்கவில்லை. இங்கே எடுக்கப்பட்ட பாதை கடனும் மானியமும். 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது, உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. நல்ல திட்டம்தான், பயன்பெற்றவர்களை நாம் அறிவோம். ஆனால் மானியத்தில் ஜேசிபி வாங்கிய இளைஞனுக்கு வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அந்த எந்திரம் கடைசியில் வேறொருவருடைய ஒப்பந்தத்தில் மணிக்கணக்கு வாடகைக்கு ஓடுகிறது. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு ஆணை, மொத்தக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு குறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. அதுவும் பொருளுக்கும் சேவைக்கும்தான், கட்டுமான ஒப்பந்தத்துக்கு இல்லை.

இந்த வேறுபாட்டை ஒரே குடும்பத்துக்குள் பார்த்தோம். கோலார் தங்கவயலுக்கு வட ஆர்க்காட்டிலிருந்து நம் மக்கள் சுரங்க வேலைக்குப் போனது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த ஆதிதிராவிடர்கள் கர்நாடகத்தின் பட்டியலிலும் பட்டியல் சாதியினரே. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடியபின் ராபர்ட்சன்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் சின்னச் சின்னக் கட்டுமான வேலைகளுக்குப் போய், பிறகு ஒப்பந்ததாரராகப் பதிந்தார். அவருடைய மருமகன் குடியாத்தம் பக்கம், சிவில் டிப்ளமா படித்தவர். ஒரு துக்க வீட்டில் இருவரையும் ஒன்றாகப் பார்த்தோம். பேச்சு தானாக இதில் வந்து நின்றது.

"மாமா, உங்களுக்காவது நம்ம பேர்ல ஒரு வேலை வருது. எங்க ஊர்ல டெண்டரப் பத்தி விசாரிக்கப் போனாலே, யாருக்காகப்பா வந்திருக்கன்னு கேக்கறாங்க."

"பேர் வருது மாப்ள. பில்லு வரணுமே. போன வருசம் போட்ட சாக்கடைக்கு இன்னும் பாக்கி நிக்குது. வட்டி கட்டிட்டிருக்கேன்."

மருமகன் இப்போது ஆதிக்க சாதி ஒப்பந்ததாரர் ஒருவரிடம் சப்-காண்ட்ராக்ட் எடுக்கிறார். மதிப்பீடு போடுவது, ஆள் கூட்டிவருவது, மட்டம் பார்ப்பது, மழையில் நிற்பது எல்லாம் அவர். பதிவும் பில்லும் அனுபவச் சான்றிதழும் இன்னொருவர் பெயரில். பத்தாண்டு வேலை செய்தும் காகிதத்தில் அவருக்கு அனுபவம் பூஜ்யம். மாமாவின் கதை வேறு விதம். முதல் இரண்டு வேலைகளை அவர் தன் பெயரில் எடுத்து, ஊர்ப் பெரிய ஒப்பந்ததாரரின் பணத்தில் முடித்திருக்கிறார். கையெழுத்துக்கு ஒரு தொகை. "பினாமின்னு சொல்லுவீங்க, சொல்லுங்க" என்றார். மூன்றாவது வேலையை அந்த இரண்டு சான்றிதழ்களை வைத்துத் தன் சொந்தப் பொறுப்பில் எடுத்தார். பினாமி முறை ஒதுக்கீட்டின் நோக்கத்தையே தின்கிறது என்று நாம் எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். அதை இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த இரண்டு காகிதங்கள் குடியாத்தத்து மருமகனுக்குக் கிடைக்க வழியே இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

கர்நாடகத்தைச் சொர்க்கமாகக் காட்டும் எண்ணம் நமக்கில்லை. அங்கே ஒதுக்கீடு வேலைகளின் எண்ணிக்கையில் கணக்கிடப்படுகிறது, பணத்தின் மதிப்பில் இல்லை. நூறு வேலையில் பதினேழு கொடுத்தோம் என்று கணக்குக் காட்டலாம். அந்தப் பதினேழும் சாக்கடை, சுற்றுச்சுவர், கழிப்பறை பழுதுபார்ப்பு என்று இருக்கலாம். வரம்புக்குக் கீழே இருக்கும் பல சிறு வேலைகளை ஒன்றாகக் கட்டி ஒரே பெரிய டெண்டராக விடும் பேக்கேஜ் முறையை எதிர்த்து அங்குள்ள தலித் ஒப்பந்ததாரர்கள் தொடர்ந்து குரல் கொடுக்கிறார்கள். ஐந்து தெருவுக்கு ஐந்து சாலை என்றால் சட்டம் பொருந்தும், ஐந்தையும் சேர்த்து ஒரு சாலைத் திட்டம் என்றால் பொருந்தாது. இதற்கு மேல் கமிஷன். 2021இல் கர்நாடக ஒப்பந்ததாரர் சங்கம், 40 விழுக்காடுவரை கமிஷன் கேட்கப்படுகிறது என்று பிரதமருக்கே கடிதம் எழுதியது. இருநூறு கோடி புரட்டுகிறவர் அதைத் தாங்கிக்கொண்டு அடுத்த வேலையில் எடுத்துவிடுவார். முப்பது லட்சத்துக்குச் சாக்கடை போடுகிறவர் எதில் எடுப்பார்?

இன்னொன்று, நமக்குள் பேச வேண்டியது. கல்லுடைப்பதும் ஏரி வெட்டுவதும் மண் சுமப்பதும் மரபுத் தொழிலாகக் கொண்ட ஒட்டர் சமூகம் கர்நாடகத்தில் போவி என்ற பெயரில் பட்டியல் சாதிப் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதே மக்கள் போயர், ஒட்டர் என்று சீர்மரபினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களில் இருக்கிறார்கள். கட்டுமானத்தோடு தலைமுறைத் தொடர்பு உள்ள சமூகமும், வெட்டியான் வேலையிலும் தோல் வேலையிலும் தள்ளப்பட்ட சமூகமும் ஒரே 17.15க்குள் போட்டியிடும்போது யார் முந்துவார் என்பது கேட்காமலே தெரியும். 2024 ஆகஸ்டு 1 தீர்ப்புக்குப் பிறகு வேலைவாய்ப்பில் உள் ஒதுக்கீட்டைக் கர்நாடகம் முடிவு செய்திருக்கிறது. ஒப்பந்தத்திலும் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும், எழ வேண்டும். தமிழ்நாட்டில் நாம் இந்தக் கோரிக்கையை எழுப்பும்போது அருந்ததியர் பங்கையும் முதல் நாளே சேர்த்து எழுப்புவது நல்லது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவை எதுவும் பிறகு பார்க்கப்பட்டதில்லை.

தமிழ்நாட்டில் இதைக் கேட்க வேண்டிய நேரம் இது என்று ஏன் சொல்கிறோம்? 2024 பிப்ரவரியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிக்கான செயல் திட்டச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கைக்கு இப்போது சட்டத்தின் பலம் இருக்கிறது. கர்நாடகத்தில் இதற்கு நிகரான சட்டம் 2013இல் வந்தது. அந்த நிதியில் பெரும்பகுதி கடைசியில் என்னவாகிறது? விடுதிக் கட்டடம், பள்ளி, சமுதாயக் கூடம், காலனிக்குச் சாலை, தண்ணீர்த் தொட்டி. அதாவது ஒப்பந்தங்கள். நம் பெயரில் ஒதுக்கிய பணத்தில் நம் தெருவில் சாலை விழுகிறது, லாபமும் அனுபவச் சான்றிதழும் வேறு தெருவுக்குப் போகின்றன. நம்மவர்க்கு அதில் சித்தாள் கூலி. தாட்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம், இன்றும் அதற்கென்று பொறியியல் பிரிவு இருக்கிறது. அதன் கட்டடங்களை எடுத்துக் கட்டியவர்களில் ஆதிதிராவிடர் எத்தனை பேர்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. கர்நாடகத்தைவிட அதிகம். அங்குள்ள அதே சூத்திரத்தை இங்கே வைத்தால் நூறு சிறு வேலைகளில் இருபது நமக்கு, ஒன்று பழங்குடியினருக்கு. கர்நாடகத்தின் ஓட்டைகளைப் பார்த்துவிட்டுச் சட்டம் எழுதும் வாய்ப்பும் நமக்கு இருக்கிறது. எண்ணிக்கையோடு பண மதிப்பிலும் கணக்கு, வேலைகளைச் சேர்த்துக் கட்டத் தடை, முதல் வேலைக்குச் சால்வன்சியில் தளர்வு, பில்லுக்குக் காலவரம்பு. நிலச் சட்டத்தைத் தொடாமலே இவ்வளவும் முடியும்.

அதற்கு முன் எண்ணிக்கை வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஒரு துறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி மூன்று நிதியாண்டுகள் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு வகுப்பிலும் பதிந்த ஒப்பந்ததாரர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி எத்தனை, ஆதிதிராவிடர் நலத் துறை நிதியில் விடப்பட்ட வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் மதிப்பு, எடுத்தவர் பெயர், பில் கொடுத்த தேதி. சாதிவாரி விவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வரலாம். வந்தால் அந்தப் பதிலை அப்படியே பத்திரப்படுத்துங்கள். 1942இல் தன் துறையின் பட்டியலை அண்ணல் எண்ணிக்காட்டினார். எண்ணவே இல்லை என்பதை எழுத்தில் வாங்குவதும் ஒரு சான்றுதான். விடுதிகளுக்குப் போகும்போது வாசலில் இருக்கும் திறப்புவிழாக் கல்லையும் படம் எடுத்து அனுப்புங்கள். அமைச்சர் பெயருக்கும் ஆட்சியர் பெயருக்கும் கீழே, சில இடங்களில் சிறிய எழுத்தில், கட்டியவர் பெயரும் இருக்கும்.